80,000 கலம் நெல்... மன்னரை நம்பாத மக்கள், பாதிரியாரை நம்பிய கதை!

புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறுகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால், அதன் அருகே சிவகங்கைத் தோட்டத்தில் இருக்கும் சிறிய தேவாலயத்துக்குள் நுழைகிறவர்கள் குறைவு. 1779-ல் கட்டப்பட்ட அந்த ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மன்னர் இரண்டாம் சரபோஜி.

அந்தப் பாதிரியார், கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிறந்த ஜெர்மானியர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், தமிழ் கற்று, திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து, 1798-ல் தஞ்சையிலேயே மறைந்தார்.

பசியில் தவித்த கோட்டை

1780-ல் ஹைதர் அலியின் படை தமிழகத்துக்குள் இறங்கியது. தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டைச் சீமையையும் அது விட்டுவைக்கவில்லை. கிராமங்களை விட்டு ஓடிவந்த மக்களால் தஞ்சைக் கோட்டை நிரம்பியது. உணவு தீர்ந்து, தெருக்களிலேயே பலர் பசியால் இறந்தார்கள்.

இத்தனைக்கும் வெளியே ஊர்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள்தான் இல்லை. முன்பு நெல்லும் மாடும் வாங்கிக்கொண்டு அரசாங்கம் காசு கொடுக்காததால், இம்முறை யாரும் முன்வரவில்லை. ‘நம் இருவர் மீதும் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. சுவார்ட்ஸை நம்புகிறார்களா, பார்ப்போம்’ என்று ஆங்கிலேயரிடம் சொன்னாராம் மன்னர் துளஜா.

‘உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கையால் பணம் தருவேன்’ என்று ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார் சுவார்ட்ஸ். இரண்டு, மூன்று நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. சீக்கிரமே 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. ஒரு கலம் என்பது 12 மரக்கால். கோட்டை பிழைத்தது.

சொன்ன சொல் காப்பாற்றினார்

ஆபத்து நீங்கியதும் மறந்துபோவது ஆட்சியாளர்களின் வழக்கம். சுவார்ட்ஸ் மறக்கவில்லை. மாட்டுக்காரர்கள் அனைவருக்கும் கணக்கைத் தீர்த்தார். கையில் இருந்தது போதாதபோது, மற்றவர்களுடைய பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். கூடவே சிறு அன்பளிப்பும் தந்து ஊருக்கு அனுப்பிவைத்தார். 1782-ல் ஆங்கிலேயத் தளபதி பிரெய்த்வெயிட்டின் படை திப்புவிடம் பிடிபட்டு மீண்டும் நெருக்கடி வந்தபோது, அதே மக்கள் தயங்காமல் உதவினார்கள்.

போருக்குப் பிறகு, அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் விவசாயிகள் ஊர் ஊராக வெளியேறினார்கள். அவர்களைத் திரும்ப அழைக்கவும் சுவார்ட்ஸ்தான் தேவைப்பட்டார். அவர் வாக்குக் கொடுத்ததும், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்து வயலில் இறங்கினார்கள்.

இதே போர்க்காலத்தில், சுவார்ட்ஸைத் தடுக்காமல் போகவிடும்படி தன் படையினருக்கு உத்தரவிட்டிருந்தார் ஹைதர் அலி. முன்பு தூதராகச் சென்றபோது ஹைதர் கொடுத்த 300 ரூபாயைக்கூட சுவார்ட்ஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்காக அதை ஒதுக்கச் செய்தார்.

பசித்தவருக்குச் சோறு கொடுப்பது பெரிய தர்மம். அந்தச் சோற்றுக்கு நெல் கொடுத்த விவசாயியை ஏமாற்றாமல் இருப்பதும் தர்மம்தான். சுவார்ட்ஸ் இரண்டையும் செய்தார். அதனால்தான், வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு மன்னர் அவருக்குப் பளிங்கில் சிலை வைத்தார்!