பலட் பலகையில் ஒரு நவீன மேசை

செற்றிக்கு முன்னால் வைக்க ஒரு தாழ்ந்த மேசை தேவைப்பட்டது. கடையில் விலை கேட்டுவிட்டு, சரக்கு அடுக்கி வரும் பழைய பலட் ஒன்றைத் தேடி வாங்கினேன்.

பலகையில் கை வைக்கமுன் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் மரம் உட்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது. 'எம்.பி.' என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுவாயு ஊட்டப்பட்டது. நான் முதலில் கொண்டுவந்தது அதுதான். வீட்டில் தவழும் பிள்ளை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். முத்திரையில்லாததும், எண்ணெய் ஊறியதும் வேண்டாம்.

ஆணியை நெம்பினால் பலகை பிளக்கும். இடுக்கில் இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியை அறுங்கள். பிறகு 80, 120, 220 இலக்க சாண்ட் பேப்பர், அதே வரிசையில், மரத்தின் நார் ஓடும் திசையில். அலுப்பான வேலை, எனக்கு இரண்டு நாள் போனது. ஆனால் கடைச்சாமான் தோற்றம் இங்கேதான் வருகிறது, மரத்தின் விலையில் அல்ல. ஓரங்களையும் சற்று உருட்டிவிடுங்கள். பளபளக்கும் வார்னிஷ் காட்டிக்கொடுத்துவிடும். மெட் வார்னிஷ் பூசுங்கள்.

கால்களுக்கு 12 மில்லிமீற்றர் கம்பியை வெல்டிங் கடையில் வளைத்துக் கறுப்புப் பூசினேன். உயரம் 20 அங்குலம் வைத்து, செற்றியை விட உயர்ந்து நிற்க, 17 ஆகக் குறைத்தேன்.

மகள் இப்போது அதைப் பிடித்துத்தான் எழும்பி நிற்கிறாள்.