உடலின் வடிகாலும் ஊரின் வடிகாலும்

காலில் புண் ஏற்பட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். புண் ஓரிடத்திலிருக்க, வீக்கம் வேறோரிடத்தில் தோன்றுவானேன்?

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி, நிணநீர் என்னும் பெயருடன் மெல்லிய குழாய்களின் வழியே மீண்டும் இரத்தத்தை அடைகிறது. வயலில் மிகுந்த நீரை வடிகால் வெளியேற்றுவது போன்றதே இது. அவ்வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு முதலிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் காவற்சாவடிகளாய் அமைந்துள்ளன. நீரோடு வரும் கிருமிகளை அவை தடுத்து நிறுத்துகின்றன. அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுவதாலேயே நெறி கட்டுகிறது. இவ்வணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. அவற்றுள் ஒரு பிரிவு மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமடைகிறது. இரத்தத்தை மண்ணீரலும், தொண்டை வாயிலை டான்சில்களும் காக்கின்றன.

இக்காவல் அமைப்பிலேயே குடிபுகும் பகை ஒன்று உண்டு. அதுவே காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெடுங்காலம் பரவியிருந்த யானைக்கால் நோயின் புழுவாகும். இப்புழு கொசுவின் உடலில் வளர்வதைப் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் 1877ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கொசுக்கடியால் நம் உடலை அடையும் நூல் போன்ற புழுக்கள், நிணநீர்க் குழாய்களில் பல்லாண்டுகள் வாழ்ந்து, உடலின் எதிர்ப்பாற்றலையும் அடக்கி வைக்கின்றன. குழாய்கள் விரிந்து வலிவிழக்க, நீர் தேங்குகிறது. விரலிடுக்கு வெடிப்புகளின் வழியே கிருமிகள் நுழைந்து, காய்ச்சலும் வீக்கமும் அடிக்கடி வந்து, கால் பருக்கிறது. குழித்தறியில் கால்களை இறக்கி மிதிப்பலகையை இயக்கும் பட்டு நெசவாளிக்கும், சேற்றில் இறங்கி உழைக்கும் உழவருக்கும் இதனால் பிழைப்பே கெடும்.

இந்நோய் சாபமன்று, நோயாளியைத் தொடுவதால் ஒட்டுவதுமன்று. கால் பருத்தவர் நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, புண்களுக்கு உடனே மருந்திட்டு, ஓய்வு நேரத்தில் காலை உயர்த்தி வைத்தல் வேண்டும். இவ்வெளிய முறையால் காய்ச்சல் குறையும். வீக்கம் முற்றுவதும் தடைபடும்.

நம் நாட்டில் யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அண்டை நாடான இலங்கை, பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து இந்நோயை ஒழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதி செய்தது. அங்கு இயன்றது இங்கும் இயலும். புழு இரத்தத்தில் இருந்தும் வெளியே ஒரு குறியும் தோன்றாதவர் பலர். ஆகவே சுகாதாரப் பணியாளர் மாத்திரை வழங்குமிடங்களில், விலக்களிக்கப்பட்டோர் நீங்கலாக, நலமாயிருப்போரும் அதனை உட்கொள்ள வேண்டும். இரவில் இரத்தப் பரிசோதனைக்கு வருவோருக்கும் ஒத்துழைக்க வேண்டும்.

இந்நோயைப் பரப்பும் கொசு, தேங்கிய கழிவுநீரில் பெருகுவது. தெருவின் வடிகால் அடைபட்டால், ஊராரின் உடல் வடிகாலும் அடைபடும். ஆதலின் சாக்கடையைத் தூர்வாருவதும், கழிவுத் தொட்டிகளை மூடிவைக்கச் செய்வதும் ஊராட்சி உறுப்பினர்களின் தலையாய கடமைகளாகும். மண்வெட்டி எடுக்கும் கையே இங்கு மருத்துவரின் கை!