மனநல மருத்துவமனையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளோர்: மறுஆய்வில் விடுபடும் கேள்வி எது?

கொல்கத்தா: கொலை வழக்கில் 1980-ம் ஆண்டு டார்ஜிலிங்கில் கைதான நேபாள நாட்டவர் ஒருவர், விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை எனக் கூறப்பட்டு, தீர்ப்பு ஏதுமின்றிச் சுமார் 40 ஆண்டுகள் மேற்கு வங்கச் சிறைகளில் அடைபட்டிருந்தார். உடனிருந்த கைதி மூலம் கசிந்த தகவலைக் கொண்டு ஹாம் வானொலி ஆர்வலர்கள் அவரது குடும்பத்தைக் கண்டுபிடித்தனர். கொல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டு நிபுணர்களைக் கொண்டு பரிசோதித்தபோது, பத்து வயதுக்கும் குறைந்த சிறுவனுக்குரிய அறிவுத்திறனே அவருக்கு இருப்பது தெரியவந்தது. 2021 மார்ச்சில் டம்டம் சிறையிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

சில மணி நேரத்தில் முடியக்கூடிய பரிசோதனை அது. இதே கேள்வி மனநல மருத்துவமனைகளிலும் உரிய நேரத்தில் கேட்கப்படுகிறதா என்பதே இப்போதைய கவலை.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதன் வரையறையில் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைச் சேர்க்கவில்லை. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. நடைமுறையோ வேறு. கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் ஆய்வு செய்து 2014-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, அறிவுசார் குறைபாடுள்ள பெண்களும் சிறுமியரும் மனநல மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் அடைக்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தது.

ஒருவரை அவரது சம்மதமின்றி 30 நாள்களுக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருக்க மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி தேவை. முதலில் 90 நாள், பின்னர் 120 நாள், அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை அனுமதி நீட்டிக்கப்படலாம். வாரியம் 21 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

வாரியத்தில் ஆறு பேர்: மாவட்ட நீதிபதி நிலையிலான தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மற்றொரு மருத்துவர், நோயாளிகள் அல்லது பராமரிப்பாளர்கள் தரப்பில் இருவர். ஆட்டிசம் அறிந்த ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பேச இயலாத ஒருவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதற்குப் பல்வலியோ, வார்டின் இரைச்சலோ காரணமாக இருக்கலாம். அதை அறியாதவர் கண்ணுக்கு அது நோயின் தீவிரமாகவே தெரியும். மருந்தின் அளவும் உள்ளிருப்பின் காலமும் கூடும்.

இங்கிலாந்தில் விண்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை 2011-ல் பிபிசி வெளிக்கொணர்ந்ததன் தொடர்ச்சியாக, இவர்களுக்கெனத் தனி மறுஆய்வு முறை உருவானது. மருத்துவமனையைச் சாராத நிபுணர் ஒருவரும், இத்தகைய அனுபவத்தைத் தாமே கடந்து வந்தவரோ அவரது குடும்பத்தினரோ ஒருவரும் குழுவில் இடம்பெறுவர். சிறாருக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்கும். "வெளியே வாழ என்ன ஏற்பாடு தேவை?" என்பதே அங்கு மையக் கேள்வி. அப்படியிருந்தும், 2024 நிலவரப்படி சுமார் 2,000 பேர் அங்கு மருத்துவமனைகளில் இருந்தனர்.

இந்தியாவில் இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவையெனக் கருதும் எவரையும் சாட்சியாக அழைக்க வாரியத்துக்கு இப்போதே அதிகாரம் உண்டு. சிறப்புக் கல்வியாளரையோ, உளவியலாளரையோ அழைக்கலாம்.

குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 19-வது பிரிவு. கொல்கத்தாவின் பாவ்லோவ், லும்பினி பார்க் மருத்துவமனைகளில் குணமடைந்தும் போக்கிடமற்றவர்களுக்காக 2022-ல் 'பிரத்யய்' இல்லம் தொடங்கப்பட்டது. ஆனால் அறிவுசார் குறைபாடு 'குணமடையும்' நோயன்று. அவர்களுக்கு வேண்டியது ஆயுள் முழுவதற்குமான இருப்பிடம். தேசிய அறக்கட்டளையின் 'கரௌண்டா' திட்டம் அதற்கானதே. அதை நாட முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். வார்டில் இருப்பவருக்கு அதற்கு விண்ணப்பித்தாயிற்றா என மருத்துவமனையிடம் வாரியம் முதல் அமர்விலேயே கேட்கலாம்.