கணினிப் பேழைக்குள் தட்டுகளை அமைக்கும் முறை



ஒரு பாடசாலையின் நினைவு எங்கே இருக்கிறது என்று வினவினால், முன்னாளில் அதிபரின் அறையிலுள்ள அலுமாரியைச் சுட்டிக் காட்டுவார்கள். சேர்வு இடாப்பும், சம்பவத் திரட்டுப் புத்தகமும், விடுகைப் பத்திரங்களின் அடிக்கட்டைகளும் அங்கேதான் அடுக்கப்பட்டிருக்கும். இக்காலத்தில் அவற்றுட் பெரும்பகுதி கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. அறுபது வயதான ஒருவர் தம் பிறந்த திகதியை நிறுவுவதற்குச் சேர்வு இடாப்பின் ஒரு பக்கத்தை நாடி வருவதுண்டு. அப்பக்கத்தின் படம் கணினியில் இருந்தும் கணினி திறக்க மறுக்குமாயின், அவருக்கு நாம் என்ன விடை கூறுவது? ஆகவே, கணினிக்குள் தகவலைத் தாங்கும் தட்டுகளை எவ்வாறு ஒழுங்குபடுத்தி வைப்பது என்பதை இன்று சிறிது ஆராய்வோம். இது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய வித்தையன்று. ஒரு திருப்புளியும் பொறுமையும் உடைய எவரும் கற்றுக்கொள்ளத் தக்கதே.

முதலில் தட்டுகளின் வகைகளை அறிந்துகொள்வோம். கடைக்காரர் ‘ஹார்ட் டிஸ்க்’ என்பதையே பாடநூல் வன்தட்டு என்கிறது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்தட்டுச் சாதனத்தை வெளியிட்டது. இரண்டடி விட்டமுடைய ஐம்பது தட்டுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அவை யாவும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டு அதனினும் இரண்டு இலட்சம் மடங்கு தாங்குகிறது. ஆயினும் வேலை செய்யும் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. தலைமயிரின் பருமனிலும் பன்மடங்கு சிறிய இடைவெளி விட்டு, அதன்மேல் ஒரு நுண்ணிய முனை மிதந்துகொண்டே எழுதவும் படிக்கவும் செய்கிறது. இதனாலேயே அதிர்ச்சியும் வெப்பமும் வன்தட்டுக்குப் பகையாயின.

இரண்டாவது வகை, ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் திண்மநிலைத் தட்டு. பெயரில் தட்டு இருப்பினும் உள்ளே சுழலும் பொருள் எதுவும் இல்லை. மின்சில்லுகளே தகவலைத் தாங்குகின்றன. விரைவு மிகுதி, அதிர்ச்சிக்கு அச்சம் குறைவு. மூன்றாவது, இறுவட்டு இயக்கி. இது ஒளிக்கதிரால் வட்டத்தட்டைப் படிப்பது. சாதாரண இறுவட்டு ஒன்று 700 மெகாபைட்டும், டி.வி.டி. ஒன்று 4.7 ஜிகாபைட்டும் கொள்ளும்.

இம்மூன்றுக்கும் எவ்வெவ்வேலையை ஒப்படைப்பது? நம் உழவர் உண்ணும் நெல்லையும் விதை நெல்லையும் ஒரே சாக்கில் கலந்து வைப்பதில்லை. அவ்வாறே, கணினியை இயக்கும் மென்பொருளையும் நாம் சேகரித்த ஆவணங்களையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. இயக்கு மென்பொருள் கெட்டால் அதை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்; கெட்டுப்போன 1950ஆம் ஆண்டு இடாப்பை எங்கிருந்து பெறுவது? எனவே சிறிய திண்மநிலைத் தட்டொன்றில் இயக்கு மென்பொருளும், பெரிய வன்தட்டில் ஆவணங்களும் இருத்தல் நன்று. முன்னது பழுதானால், பின்னதைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டி அன்றே வேலையைத் தொடரலாம்.

இனிப் பேழையைத் திறப்போம். அதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவரிலிருந்து வடத்தைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் தட்டு ஓய்வதற்கு அரை நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும். பின்னர்ப் பேழையின் பூச்சில்லாத உலோகப் பகுதியைக் கையால் தொட்டால், உடலில் தங்கியிருக்கும் நிலைமின்னேற்றம் நீங்கிவிடும்.

நிற்கும் வகைப் பேழைகளின் முன்புறத்தில், மேலே ஐந்தேகால் அங்குல அகலமுள்ள அறைகள் இருக்கும். இறுவட்டு இயக்கிக்கு உரிய இடம் அதுவே. அதிலும் மிக மேலுள்ள அறையே சிறந்தது. கைக்கு எட்டும், முழங்கால் இடிக்காது. புதிய பேழைகள் சிலவற்றில் இவ்வறை இராது; அங்கு யூ.எஸ்.பி. வழியாக வெளியே இணைக்கும் இயக்கியைப் பயன்படுத்தலாம். கீழே மூன்றரை அங்குல அறைகள் இருக்கும். அவை வன்தட்டுக்கு உரியன. பெரும்பாலும் முன்விசிறி அவற்றுக்கு நேராகவே அமைந்திருக்கும். குளிர்ந்த காற்று முன்னால் நுழைந்து, தட்டுகளைத் தழுவி, பின்னால் வெளியேற வேண்டும் என்பதே அமைப்பின் நோக்கம். இரண்டு வன்தட்டுகள் இருப்பின், அவற்றுக்கிடையே ஓர் அறையை வெறுமையாக விடுங்கள். ஒட்டி வைத்தால் ஒன்றின் சூட்டை மற்றொன்று சுமக்கும். இரண்டரை அங்குலத் திண்மநிலைத் தட்டுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. சட்டம் இருக்கும் எவ்விடத்திலும் பொருத்தலாம்.

வன்தட்டைப் படுக்கையாகவோ பக்கவாட்டில் நிமிர்த்தியோ பொருத்தலாம். ஆனால் நான்கு திருகாணிகளும் இறுகி நிற்க வேண்டும். தளர்ந்த தட்டு தன் சுழற்சியினாலேயே அதிரும். வன்தட்டுக்குப் பருமரையுள்ள திருகாணியும், இறுவட்டு இயக்கிக்கும் சிறிய தட்டுக்கும் நுண்மரையுள்ள திருகாணியும் உரியவை. ஒன்றை மற்றதில் வலிந்து திருகினால் மரை அழிந்துவிடும். வன்தட்டின் மேல் காற்று புகும் சிறு துளையொன்று காணப்படுமாயின், அதன்மேல் பெயர்ச்சீட்டை ஒட்டலாகாது.

அடுத்தது வட இணைப்பு. இக்காலத் தட்டுகள் பல ‘சாட்டா’ என்னும் முறையில் இணைகின்றன. அத்தகைய ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக ஒரு மெல்லிய தகவல் வடமும், அகன்ற ஒரு மின்வடமும் வேண்டும். இவ்விரண்டின் முனைகளும் ‘எல்’ வடிவில் இருப்பதால் ஒரு வழியாகவே நுழையும். நுழையாவிடின் திருப்பிப் பார்க்க வேண்டுமேயன்றி அழுத்தலாகாது. தாய்ப்பலகையிலுள்ள இணைவாய்களுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். இயக்கு மென்பொருள் உள்ள தட்டை முதல் எண்ணிலும், ஆவணத் தட்டை அடுத்ததிலும், இறுவட்டு இயக்கியைக் கடைசியிலும் இணைத்தால் பின்னாளில் திறப்பவருக்குக் குழப்பம் இராது. வடங்கள் கூர்மையாக மடியாமலும், விசிறியில் உரசாமலும் கட்டி ஒதுக்குக.

பழைய கணினிகளில் பட்டை நாடா போன்ற அகன்ற வடத்தைக் காண்பீர்கள். அவ்வகையில் ஒரே வடத்தில் இரு சாதனங்கள் இணையும். எது ‘மாஸ்டர்’, எது ‘ஸ்லேவ்’ என்பதைச் சாதனத்தின் பின்புறமுள்ள சிறு செருகியால் குறித்தாக வேண்டும். இரண்டும் ஒரே நிலையிற் குறிக்கப்பட்டிருந்தால், கணினி இரண்டையுமே காணாமற் போகலாம். வன்தட்டை ஒரு வடத்திலும் இறுவட்டு இயக்கியை மற்ற வடத்திலும் இணைத்துவிட்டால், இச்சிக்கலும் நீங்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிரதி செய்யும் வேகமும் கூடும்.

இயக்கு மென்பொருளை நிறுவும்போது, அது செல்லவேண்டிய தட்டை மட்டும் இணைத்திருங்கள்; ஆவணத் தட்டை வேலை முடிந்த பின்னரே பூட்டுங்கள். இல்லையேல் கணினியைத் தொடக்கும் கோப்புகள் ஆவணத் தட்டிற் சென்று அமர்ந்துவிடுவதுண்டு. தவறான தட்டையே அழித்துவிடும் ஆபத்தும் உண்டு. பின்னர் ‘பயோஸ்’ எனப்படும் தொடக்க அமைப்பிற் சென்று, முதலில் எத்தட்டைத் தேட வேண்டும் என்ற வரிசையைக் குறித்துவிட வேண்டும்.

நம் பகுதிக்கென்றே சில கவனங்கள் உள்ளன. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. கச்சான் வீசும் மாதங்களில் புழுதியும் வெப்பமும் சேர்கின்றன. ஆகவே கணினியை யன்னலோரத்தில் வையாமல், நிலத்திலிருந்து உயர்த்தி, பின்புறம் காற்றோட இடம் விட்டு வையுங்கள். விடுமுறைக் காலத்திலும் வாரம் ஒருமுறை சற்று நேரம் இயக்கினால் உள்ளே ஈரம் தங்காது. இடி மின்னல் வேளையில் சுவரிலிருந்து வடத்தைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

இனி, யாவற்றிலும் முக்கியமான ஒன்று. ஒரே பேழைக்குள் இரண்டு வன்தட்டுகளைப் பூட்டி, ஒரே வேளையில் இரண்டிலும் எழுதச் செய்யும் முறை உண்டு. ஒரு தட்டு பழுதுற்றால் மற்றது கைகொடுக்கும். ஆனால் மின்னல் இரண்டையும் சேர்த்தே தாக்கும். வெள்ளம் இரண்டையும் சேர்த்தே நனைக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தே அழியும். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையும், 2011 சனவரி வெள்ளமும் இம்மாவட்டத்தார் மறக்கக் கூடியவையல்ல. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வேறிடத்திற் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. மாறாக, நம் பழைய வரலாற்றைக் கூறும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்களால் அச்சேற முடிந்ததென்றால், அதுவரை ஏடுகளை எழுதியும் பேணியும் வந்தோர் இருந்தமையே காரணம்.

ஆகவே ஆவணத்துக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று கணினியின் ஆவணத் தட்டில். இரண்டாவது, வெளியே கழற்றி வைக்கத்தக்க வன்தட்டில். மூன்றாவது வேறோர் ஊரில். நமக்கு இதற்கு இயற்கையே வழி வகுத்திருக்கிறது. எழுவான்கரைப் பாடசாலை தன் பிரதியொன்றைப் படுவான்கரைப் பாடசாலையிடமும், அது தன்னுடையதை இதனிடமும் ஒப்படைக்கலாம். கடல் பொங்கினால் ஒரு கரையும், வயல்வெளி வெள்ளக்காடானால் மறுகரையும் காக்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேமித்து வருகிறது. பொதுமக்கள் பார்க்கத்தக்க பழைய மலர்களை அத்தகைய இடத்திற்கும் அனுப்பலாம். மாணவரின் சொந்த விவரங்கள் அடங்கிய இடாப்புகளோ நம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும்.

இறுவட்டுக்கும் இங்கு ஒரு பயன் உண்டு. எழுதி முடித்த சாதாரண வட்டைப் பின்னர் எவரும் தவறுதலாக மாற்றி எழுத இயலாது. ஒரு டெராபைட்டுக்கு 213 டி.வி.டி.கள் தேவைப்படுமாதலால் எல்லாவற்றையும் அதில் இடுதல் அரிது. மிக அரியவற்றை மட்டும் இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை படித்துச் சோதியுங்கள். திண்மநிலைத் தட்டை மின்சாரமின்றிப் பல்லாண்டு பெட்டியிற் பூட்டி வைத்தல் ஏற்றதன்று. அதிலுள்ள மின்னேற்றம் நாளடைவில் கசிந்துவிடலாம்.

கடைசியாக, ஒவ்வொரு தட்டின் மீதும் பூட்டிய திகதியையும் உள்ளடக்கத்தையும் எழுதி ஒட்டுங்கள். அதே விவரத்தைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் பதியுங்கள். நமக்குப் பின் அவ்விருக்கைக்கு வருபவர் பேழையைத் திறக்கும்போது, எது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டதும் அறிந்துகொள்ள வேண்டும். பிறந்த திகதியைத் தேடி வாசலில் நிற்கும் முதியவருக்கு அன்றே ஒரு பிரதியை எடுத்துக் கொடுக்கவும் அவரால் இயலும்.