சூதாட்ட விடுதி தரும் இனாம்
சாமர்த்தியசாலி ஜெயிக்க முடியுமா? கணக்கு என்ன சொல்கிறது?

கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு அதிர்ஷ்டம் என்பது புதிது அல்ல. ஒரு நாள் வலை நிறையும். மறுநாள் டீசல் காசு கூடத் தேறாது. ஆனால், கடல் யாரிடமும் தரகு வாங்குவது இல்லை!

சூதாட்ட விடுதி தரகு வாங்குகிறது. அதுதான் வித்தியாசம்.

குளச்சல், கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய துறைமுக ஊர். 1741 ஆகஸ்டு 10-ந் தேதி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இங்கேதான். இந்தக் கடற்கரையில் இருந்து எத்தனையோ பேர் மீன் பிடிக்கவும், கப்பலில் வேலை பார்க்கவும் கடல் கடந்து போகிறார்கள். போகிற இடங்களில் சூதாட்ட விடுதிகள் இருக்கின்றன. சொகுசுக் கப்பல்களிலும் உண்டு. ஊரிலேயே இருப்பவர் கையில் செல்போன் இருக்கிறது. "முதல் ஆட்டத்துக்குப் பணம் இனாம்!" என்று அது கூப்பிடுகிறது.

"மூளை உள்ளவன் ஜெயிப்பான்" என்பது ஒரு பேச்சு. "இனாமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்" என்பது இன்னொரு பேச்சு. இரண்டும் உண்மையா?

இயந்திரம் போடும் சீட்டு

விடுதிகளில் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் மூளைக்கு வேலை இல்லை. பொத்தானை அழுத்த வேண்டும். வந்ததைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

'வீடியோ போக்கர்' அப்படி அல்ல. இது 1979-ல் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இயந்திரம். டெலிவிஷன் போன்ற திரையில் ஐந்து சீட்டுகள் விழும். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஆடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். தள்ளிய சீட்டுக்குப் பதில் புதுச் சீட்டு வரும். ஐந்தும் சேர்ந்து என்ன ஜோடி அமைகிறதோ, அதற்கு ஏற்ற பணம் கிடைக்கும்.

52 சீட்டில் ஐந்து சீட்டு விழுவதற்கு 25,98,960 விதங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சரியான முடிவு ஒன்று இருக்கிறது. அதைக் கணிதக்காரர்கள் கண்டுபிடித்து எழுதி வைத்து இருக்கிறார்கள்.

உதாரணமாக, இரண்டு 4-ம், ஒரு ராஜாவும், ஒரு 9-ம், ஒரு 7-ம் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆடுகிறவர் ராஜாவைப் பிடித்துக்கொள்வார். அது தவறு. இரண்டு 4-ஐ வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவதே சரி.

சூட்சுமம் எங்கே?

ஆனால் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அது இயந்திரத்தின் முகப்பில் இருக்கும் பரிசுப் பட்டியல்.

ஒரே சீட்டில் மூன்று, இன்னொரு சீட்டில் இரண்டு வந்தால் அதற்கு 'ஃபுல் ஹவுஸ்' என்று பெயர். ஐந்தும் ஒரே ஜாதிச் சீட்டாக வந்தால் 'ஃபிளஷ்'. சாதாரணமாக ஆடப்படும் ஆட்டத்தில், முதலாவதற்கு 9 மடங்கும் இரண்டாவதற்கு 6 மடங்கும் கொடுக்கும் இயந்திரம் நல்ல இயந்திரம். பிழை இல்லாமல் ஆடினால், 100 ரூபாய்க்குச் சராசரியாக 99 ரூபாய் 54 காசு திரும்பி வரும்.

பக்கத்திலேயே இன்னொரு இயந்திரம் இருக்கும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி. ஆனால் 9-க்குப் பதில் 8, 6-க்குப் பதில் 5 என்று போட்டு இருக்கும். அங்கே திரும்பி வருவது 97 ரூபாய் 30 காசுதான்.

இரண்டு எண்களை மாற்றினால் போதும். விடுதியின் லாபம் ஏறக்குறைய ஆறு மடங்கு ஆகிவிடுகிறது!

99 ரூபாய் 54 காசு என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அதில் சுமார் 2 ரூபாய், 'ராயல் ஃபிளஷ்' என்ற ஒரே ஒரு சேர்க்கைக்கு உரியது. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகிய ஐந்தும் ஒரே ஜாதியில் வர வேண்டும். அது சராசரியாக 40,000 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். மணிக்கு 600 ஆட்டம் ஆடினாலும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது வருகிற வரையில் கைப்பணம் கரைந்துகொண்டே இருக்கும்.

இனாமின் கணக்கு

இப்போது இனாமுக்கு வருவோம். விடுதிக்காரர்கள் ஆடுகிறவர்களுக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். ஆடிய தொகைக்கு ஏற்பப் புள்ளிகள் ஏறும். புள்ளிகளுக்குப் பணமோ, சாப்பாடோ, தங்கும் அறையோ கிடைக்கும். சில நாட்களில் புள்ளி இரட்டிப்பு!

ஒருவர் நல்ல இயந்திரத்தில், பிழையே இல்லாமல், மொத்தம் 1 லட்சம் ரூபாய்க்கு ஆடுகிறார். சராசரி நஷ்டம் 460 ரூபாய். நூற்றுக்குக் கால் ரூபாய் இனாம் என்றால் 250 ரூபாய் திரும்பி வரும். நஷ்டம் 210 ரூபாய்.

இரட்டிப்பு நாளில் ஆடினால்? இனாம் 500 ரூபாய். நஷ்டம் போக லாபம் 40 ரூபாய்!

ஒரு லட்சத்தை உருட்டினால் 40 ரூபாய். அதுவும் சராசரிதான். நடுவில் கவனம் சிதறிச் சில பிழைகள் செய்தால், அந்த 40 ரூபாயும் போய்விடும். மட்டமான இயந்திரத்தில் இதே ஆட்டத்தை ஆடினால், இரட்டிப்பு இனாமுக்குப் பிறகும் 2,200 ரூபாய் நஷ்டம்.

ஜெயித்தவர்களே கிடையாதா? உண்டு. 1990-களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், பிழை இல்லாமல் ஆடினால் 100-க்கு 100 ரூபாய் 76 காசு தரும் ஒரு வகை இயந்திரம் இருந்தது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள், இனாமையும் சேர்த்துப் பணம் பார்த்தார்கள். அதை அவர்கள் முழுநேர வேலையாகச் செய்தார்கள். விடுதிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அத்தகைய இயந்திரங்களைக் குறைத்தார்கள். நல்ல இயந்திரத்துக்கு இனாமைக் குறைத்தார்கள். ஆடுகிறவர் ஆட்டத்தைக் கற்கலாம். பட்டியலை எழுதுகிறவர் விடுதிக்காரர்!

செல்போனில் வந்த ரம்மி

தமிழ்நாட்டில் இந்தக் கதை ரம்மி உருவத்தில் வந்தது. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதே தீர்ப்பில், ஆட்டத்தில் இருந்து இடத்துக்காரர் லாபம் அடித்தால் அது குற்றம் ஆகலாம் என்றும் சொன்னது. முதல் பாதி எல்லோருக்கும் நினைவு இருந்தது. இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிட்டார்கள்.

சம திறமை உள்ள இரண்டு நண்பர்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 ரூபாய். சேரும் 200-ல் நூற்றுக்குப் பத்து வீதம், 20 ரூபாயை ஆட்டம் நடத்துகிறவர் எடுத்துக்கொள்கிறார். ஒரு தடவை இவர் ஜெயிப்பார். மறு தடவை அவர் ஜெயிப்பார். 80 ஆட்டம் நடந்தால், போகும் தரகு 1,600 ரூபாய். இருவர் பணத்திலும் பெரும்பகுதி தீர்ந்தது! யார் ஜெயித்தார்?

"1,000 ரூபாய் இனாம்" என்ற விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்தப் பணத்தை வெளியே எடுக்க, 30 மடங்குக்கு ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 30,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். நூற்றுக்கு 5 ரூபாய் நடத்துகிறவருக்குப் போகும் ஆட்டமானால், 1,500 ரூபாய் போய்விடும். இனாம் 1,000, விலை 1,500!

ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தை இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைத்தது. அந்த ஆண்டே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. 2023 ஏப்ரலில் அது சட்டம் ஆயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக்கூடாது. விளம்பரம் செய்யவும் கூடாது என்பது அந்தச் சட்டம். ஆடி ஏமாந்தவருக்கு அதில் தண்டனை கிடையாது. தண்டனை நடத்துகிறவருக்குத்தான்.

சொந்த ஊராருக்குக் கதவு அடைப்பு

சூதாட்ட விடுதிக்கு உலகப் புகழ் பெற்ற நாடு மொனாக்கோ. அந்த நாட்டுக் குடிமக்கள் அங்கே ஆடக்கூடாது!

சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு விடுதிகள் திறக்கப்பட்டன. வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்நாட்டுக்காரர் ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019-ல் அதை 150 வெள்ளியாக உயர்த்தினார்கள். அது மட்டும் அல்ல. கணவனோ மகனோ சூதில் விழுந்துவிட்டால், அவரை உள்ளே விடக்கூடாது என்று குடும்பத்தாரே மனுக் கொடுக்கலாம்.

நம் நாட்டில் கோவாவிலும், உள்ளூர் மக்கள் விடுதிக்குள் போகக்கூடாது என்று 2020-ல் தடை வந்தது.

விடுதியால் வருமானம் பெறும் ஊர்களே, தங்கள் பிள்ளைகளை அதற்குள் விட யோசிக்கின்றன!

வீட்டில் சொல்ல வேண்டும்

சூதில் விட்ட பணத்தைவிட, அதை மறைப்பதால் வரும் கேடு பெரிது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கடன் வாங்குவதும், நகையை அடகு வைப்பதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தொகை சிறியதாக இருக்கும்போதே வீட்டில் சொல்லிவிட்டால், அது அந்தத் தொகையோடு நிற்கும். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற எண்ணில், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

இனாம் என்று யாராவது நீட்டினால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை எடுத்துப்போக நான் எவ்வளவுக்கு ஆட வேண்டும்?"

பதிலைத் தாளில் எழுதி, வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் போதும். பெருக்கல் தெரிந்த பிள்ளை விடை சொல்லிவிடும்.