எழுதியவர் சொல்லே முடிவா?

ஒரு நூலின் பொருளில் ஐயம் தோன்றினால் எழுதியவரையே கேட்டுத் தெளியலாமே, அறிஞர்கள் மாநாடு கூட்டி வாதிடுவது எதற்காக என்று மாணவர் சிலர் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபோக்னரின் நூல்களுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல விடையாகும்.

1949ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் அவர். தாம் வாழ்ந்த மிசிசிப்பி மாநிலத்தையே பெரும்பாலும் தம் கதைகளுக்குக் களமாகக் கொண்டார். 1957, 1958ஆம் ஆண்டுகளில் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடையளித்தார். அவ்விடைகள் 1959இல் நூலாகவும் வெளிவந்தன. 1929இல் வெளியான 'ஓசையும் சீற்றமும்' என்னும் நாவலைப் பற்றி, ஒரே கதையைப் பலமுறை சொல்ல முயன்றும் தாம் தோற்றதாகவும், அத்தோல்வி காரணமாகவே அந்நூல்மீது தமக்குத் தனியன்பு உண்டென்றும் அவர் கூறினார்.

இத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டதா? இல்லை. அந்நாவல் நான்கு பகுதிகளை உடையது. நொடிந்துபோன வெள்ளையர் குடும்பமொன்றின் சகோதரர் மூவர் முதல் மூன்று பகுதிகளையும் தத்தம் உள்ளக் குரலிலேயே சொல்லுகின்றனர். நான்காம் பகுதியின் நடுநாயகமாக நிற்பவள் டில்சி என்னும் கறுப்பினப் பணிப்பெண். ஆயினும் அப்பகுதியைச் சொல்பவள் அவளல்லள். ஆசிரியரே வெளியே நின்று சொல்லுகின்றார். அவள் உள்ளத்தை அறிந்தவர்போல் நடிக்க விரும்பாத அடக்கமா இது? அன்றி, அவளுக்கும் ஓர் உள்ளக் குரல் உண்டென்பதைக் காணாத குறையா? ஆசிரியரின் தன்விளக்கம் இவ்வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை.

ஃபோக்னர் 1962 யூலையில் காலமானார். மூன்று திங்கள் கழியுமுன், அவர் வாழ்ந்த ஒக்ஸ்போட் நகரிலுள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரெடித் என்னும் கறுப்பின மாணவர் சேர வந்தபோது கலகம் மூண்டது, இருவர் உயிரிழந்தனர், மத்திய அரசின் படை வரவேண்டியதாயிற்று.

அதே பல்கலைக்கழகத்தில்தான் 1974இல் ஃபோக்னர் ஆய்வு மாநாடு தொடங்கிற்று. ஒவ்வொரு மாநாட்டுக்கும் ஒரு பொருள் குறிக்கப்படும். கட்டுரைகள் படிக்கப்பெற்றுப் பின்னர் தொகுதியாக வெளிவரும். பெண்கள் என்பது பொருளாயிருந்த 1985ஆம் ஆண்டு மாநாட்டுக்குக் கறுப்பின நாவலாசிரியை ரோனி மொறிசன் வந்தார். 1955இலேயே தம் முதுகலைப் பட்ட ஆய்வில் ஃபோக்னரை ஆராய்ந்தவர் அவர். அப்போது எழுதிக்கொண்டிருந்த தம் நாவலிலிருந்து ஒரு பகுதியைப் படித்து, வினாக்களுக்கும் விடையளித்தார். மறு ஆண்டின் பொருள் இனம் என்பதாயிற்று. 1993இல் மொறிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

முன்னர் வாயிலிலேயே தடுக்கப்பட்ட இனத்தார் அவையினுள் அமர்ந்து வினாவத் தொடங்கியபோது, டில்சியின் மௌனம் புதியதொரு கேள்வியாயிற்று. நூல் மாறவில்லை, கேட்பவர் மாறினர். எழுதியவர் கூற்று மதிக்கத்தக்க சாட்சியே. ஆயினும் அது தீர்ப்பன்று. ஆதலால், "ஆசிரியர் கருதியது யாது?" என்று வினவும் நாம், "அவர் கருதாது விட்டது யாது?" என்றும் மாணவரைக் கேட்கப் பழக்குவோமாக.