கணைய நீர் கசிந்தால் தமனி ஏன் உடைகிறது?

ஹைதராபாத்தில் டாக்டர் டி. நாகேஷ்வர் ரெட்டி தொடங்கிய ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி, கணைய நோய்களுக்குப் பேர்பெற்ற இடம். கணைய அழற்சியோடு இத்தகைய மருத்துவமனைகளுக்கு வருவோரில் சிலருக்கு, வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஓசையின்றி வளர்கிறது.

கணையம் சுரக்கும் நொதிகள் இறைச்சியையே கரைப்பவை. குடலுக்குள் போன பிறகுதான் அவை விழிக்க வேண்டும். முன்பே விழித்து வெளியே கசிந்தால், பக்கத்தில் இருப்பதை அரிக்கும். கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி நெளிந்து ஓடுவதோ மண்ணீரல் தமனி! எலாஸ்டேஸ் நொதி அதன் சுவரிலுள்ள மீள்நாரைத் தின்கிறது. ஓட்டை விழுந்து ரத்தம் வெளியேறி, சுற்றியுள்ள திசுவுக்குள் பைபோலத் தேங்குகிறது. இதுதான் சூடோ அனியூரிசம். எந்த நேரமும் உடையலாம்.

சிலருக்கு ரத்தம் கணையக் குழாய் வழியே குடலில் சொட்டும். இந்த ரத்தக்கசிவுக்கு 1970-இல் பெயரிட்டவர் பிலிப் சாண்ட்ப்ளோம் என்ற அறுவை மருத்துவர்.

கணையத் தலையை அகற்றும் விப்பிள் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே கதைதான். மீதிக் கணையத்தைத் தைத்த இணைப்பில் கணைய நீர் கசிந்தால், அறுவையின்போது கட்டிவிட்ட தமனியின் முனை அரிபடும். பெரிய உடைப்புக்கு முன் பலருக்கு வடிகுழாயில் கொஞ்சம் ரத்தம் வரும், தானே நிற்கும். நின்றுவிட்டதே என்று நிம்மதியடைவதுதான் தப்பு.

எப்படி அடைக்கிறார்கள்? சி.டி. ஆஞ்சியோவில் இடத்தைக் கண்டுபிடித்து, தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுண்ணிய உலோகச் சுருள்களை ஓட்டைக்கு இருபுறமும் அடைப்பார்கள். ஒருபுறம் மட்டும் அடைத்தால் மறுபுறத்திலிருந்து ரத்தம் திரும்பி வரும். மண்ணீரல் தமனியை இப்படி அடைத்தாலும், மண்ணீரலுக்கு இரைப்பையிலிருந்து வரும் சிறு தமனிகள் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கணைய நோயாளிக்கு மலம் தார்போலக் கறுத்தால், அது குடலில் சொட்டிய ரத்தமாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.